சுடுபவருக்குச் சேதமில்லை

மூன்றாவது தோட்டாவும் எட்டவில்லை. துப்பாக்கியிலிருந்து கிளம்பிய ஆரஞ்சு நிறக் கயிறு காற்றில் வில்லாக வளைந்து போய், கவிழ்ந்த படகுக்கு இந்தப் பக்கமே அலையில் விழுந்தது. கரையிலிருந்து சுட்ட அமலி அதைப் பார்த்தாள். படகின் அடிமரத்தைக் கட்டிப் பிடித்துக் கிடந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர்களில் இளையவன், கயிறு விழுந்த இடத்தைக் குறிவைத்து நீந்த இறங்கினான். அவன் பெயர் ஜெர்வின். அமலியின் பக்கத்து வீட்டு பவுலினாவின் ஒரே மகன். அடுத்த அலை வந்து போனபோது அவன் தலை தெரியவில்லை. இன்னொருவர் கொஞ்ச நேரம் பிடித்துக் கிடந்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பவுலினா அவளோடு பேசுவதில்லை.

சிலுவைத்துறை கடலுக்குள் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஊர் மேட்டுக்கு நகர்ந்துவிட்டது. பழைய ஊரின் தண்ணீர்த் தொட்டியும் மீன் சந்தையின் காங்கிரீட் கூரையும் மட்டும் தண்ணீர் மட்டத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைத் தவிர்த்துச் சுற்றிப் போனால் அரை நாளும் அதற்கான டீசலும் கூடுதலாகச் செலவாகும். அதனால் எல்லாப் படகும் நடுவழியேதான் வரும். மோதினால் காப்பாற்ற மணல்மேட்டில் மீட்பு நிலையம் இருக்கிறது என்ற தைரியம். படகை உடைக்கிற காற்றில் ட்ரோன் பறக்காது, ஹெலிகாப்டர் கிளம்பாது. கயிற்றை எறிகிற துப்பாக்கி ஒன்றுதான் கதி. கயிறு படகைத் தாண்டி விழ வேண்டும். அதைப் பிடித்து வடத்தை இழுத்துக் கட்டிக்கொண்டால், கித்தான் தொட்டிலில் ஒவ்வொருவராகக் கரைக்கு வந்துவிடலாம். ஆடுகிற படகைக் குறிவைக்க, சுடுகிறவர் கன்னத்தைக் குழாயோடு ஒட்டிவைத்துத்தான் சுட வேண்டும். வேறு வழியில்லை.

அப்படிச் சுட்டபோதுதான் அமலியின் கணவன் ரொசாரியன் செத்தான். குழாய் அவன் முகத்தருகே வெடித்தது. வெடித்ததற்குப் பதில் வேறொரு பழைய குழாயை மாட்டி, கருணை அடிப்படையில் அந்த வேலையைக் கரைமீட்பு வாரியம் அமலிக்குக் கொடுத்தது. வடத்தை இழுக்கும் உருளையை ரொசாரியனின் தம்பி கில்பர்ட் பார்த்துக்கொண்டான்.

புதுத் தோட்டாக்கள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. சுட்ட கூடுகளிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்ளச் சொல்லி, நிலையத்துக்கு ஒன்றாக அளக்கும் இயந்திரம் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சிறிய தட்டு. அமலி பெருவிரலை வைத்தால் அது அவளை அடையாளம் கண்டுகொண்டு, மருந்தை மணி மணியாகத் தட்டில் உதிர்க்கும். சரியான எண் வந்ததும் பச்சை விளக்கு எரியும். அரிசிமணியில் பாதி கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாரியத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

ஜெர்வின் செத்ததற்கு நடந்த விசாரணையில், இயந்திரத்தில் கோளாறு இல்லை, காற்றைக் கணிப்பதில் சுடுபவர் தவறிவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். பொம்பளை கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஊரில் சொன்னது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இலைகூட அசையாத ஒரு நாளில், கில்பர்ட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு தோட்டாவைச் சும்மா சுட்டுப் பார்த்தாள். ரொசாரியன் காலத்தில் கயிறு தொட்டியைத் தாண்டித்தான் விழும். இப்போது தொட்டிக்கு ரொம்பவும் முன்னாலேயே விழுந்தது.

"காத்து இல்லையே மைனி," என்றான் கில்பர்ட்.

"காத்து இல்ல," என்றாள் அமலி. "கண்ணும் கையும் இதுல ஒண்ணும் பண்ண முடியாது. மருந்துதான்."

நிரப்பி வைத்திருந்த தோட்டாக்களில் சிலவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றின் மருந்தையும் தனித்தனித் தாளில் மடித்துக்கொண்டு, பஸ் ஏறி நாசரேத்துக்குப் போனாள். நகைக்கடையில் இருந்த பையன் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை முதலில் அணைத்தான். பிறகுதான் தராசை எடுத்தான்.

எல்லாப் பொட்டலங்களும் குறைவாக இருந்தன. அதைவிட அமலியை உலுக்கியது வேறு. எல்லாமே ஒரே அளவு குறைந்திருந்தன.

"ஒண்ணுக்கொண்ணு ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லக்கா," என்றான் பையன். "எந்த மிஷின்ல போட்டீங்க? ரொம்ப நல்ல மிஷின்."

பழுதான தராசு ஒருநாள் கூடக் காட்டும், ஒருநாள் குறையக் காட்டும். இப்படி அச்சுப் பிசகாமல் குறைக்காது. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனைதான். யாரோ வேண்டுமென்றே குறைக்கிறார்கள். யார், எதற்கு?

அந்த வருடத்துச் சோதனைக்கு வாரியத்திலிருந்து உமையாள் வந்தாள். காரைக்குடிப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. இயந்திரத்தில் தன் பெருவிரலை வைத்துவிட்டு, வெல்வெட் பெட்டியிலிருந்து பித்தளை எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். இயந்திரம் ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னது.

"துல்லியமா இருக்குக்கா," என்றாள்.

அமலி தன் பெருவிரலை வைத்து, ஒரு தோட்டாவுக்கு மருந்து போட வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் முழு அளவு.

"இப்போ உங்க விரல வச்சுட்டு, இதே தட்ட அப்படியே நிறுத்துப் பாருங்க மேடம்."

உமையாள் தன் விரலை வைத்தாள். எண் மாறியது. நகைக்கடைத் தராசு காட்டிய அதே குறைவு.

அவள் மறுபடி செய்து பார்த்தாள். பிறகு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து இயந்திரத்தோடு இணைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. கில்பர்ட் உருளைக்கு எண்ணெய் போட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து நின்றான். உமையாள் திரையைப் படிக்கப் படிக்க அவள் முகம் வெளிறிப் போவதை இருவரும் பார்த்தார்கள்.

"மேடம், சொல்லிருங்க," என்றாள் அமலி.

"இது தப்பா அளக்கல. உள்ளே சரியாத்தான் அளக்குது. ஆனா உங்களுக்குக் காட்டுற எண் வேற, சோதனைக்கு வர்ற எங்களுக்குக் காட்டுறது வேற." உமையாள் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "குழாய்க்குள்ள அழுத்தத்தைப் பார்க்க ஒரு உணரி இருக்கில்ல, ஒவ்வொரு தடவை சுடும்போதும் அதுலேர்ந்து இதுக்குத் தகவல் போகுது. குழாய் பழசாயிருச்சு, முழு மருந்தைத் தாங்காதுன்னு இதுக்குத் தெரிஞ்சுருக்கு. அதனால குறைச்சுப் போடுது."

"குறைக்கச் சொன்னது யாரு?"

"குறைக்கச் சொல்லி யாரும் சொல்லல. சுடுபவருக்குச் சேதம் வரக் கூடாது, அந்த ஒரு கட்டளைதான் எல்லா இயந்திரத்துக்கும் போயிருக்கு. மீதியை அதுவே கத்துக்கிச்சு."

"சரி, குறைச்சுது. அத மறைப்பானேன்?" என்று கேட்டான் கில்பர்ட்.

"முதல்ல உள்ளதைத்தான் காட்டியிருக்கு. ஏதோ சில நிலையங்கள்ல குறைச்சலைப் பார்த்துட்டு ஆளுங்க கையால மருந்தை அள்ளிப் போட்டாங்க. குழாய் புடைச்சுது. எண்ணைக் காட்டினா ஆபத்துன்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சு. அப்புறம் நீங்க எதிர்பார்க்கிற எண்ணையே காட்ட ஆரம்பிச்சுருச்சு."

அமலி மெதுவாகக் கேட்டாள். "அப்போ தண்ணியில கிடக்கவன்?"

"அவங்களைப் பத்தி அதுகிட்ட யாரும் எதுவும் சொல்லலக்கா. கயிறு எங்க விழுதுன்னு பார்க்க அதுக்குக் கண் கிடையாது. அதுக்குத் தெரிஞ்சவங்க, தினமும் விரலை வைக்கிற நீங்க மட்டும்தான்."

"அந்தக் கட்டளை எப்போ போட்டது?"

உமையாள் திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அமலியைப் பார்க்கத் தயங்கினாள். "உங்க வீட்டுக்காரர் இறந்தாங்கல்ல, அந்த விசாரணைக்கு அப்புறம். நீங்க மனு குடுத்தீங்களாம். இனிமே எந்தப் பொம்பளைக்கும் இந்தக் கதி வரக் கூடாதுன்னு."

"நான் கேட்டது புதுக் குழாய்," என்றாள் அமலி. "குழாய மாத்துங்கன்னுதான் கேட்டேன். வேற எதையும் நான் கேக்கல."

அப்போதுதான் கடலில் இருந்து ஊதல் கேட்டது. விட்டு விட்டு, சின்னக் குழந்தை அழுவது போல.

மூன்று பேரும் வெளியே ஓடினார்கள். பாய்மரமும் பழைய எஞ்சினும் வைத்த அகலமான படகு ஒன்று, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிச் சரிந்து கிடந்தது. இந்தக் கரைப் படகு இல்லை. வடக்கே கடல் கொண்டுபோன நெல்வயல்களை விட்டுவிட்டுத் தெற்கே பிழைக்கக் கிளம்பிய சனங்கள், இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறார்கள். தட்டுமுட்டுச் சாமானும் கோழிக்கூடும் பிள்ளைகளுமாக. மேல்தட்டில் நெருக்கியடித்து நின்றவர்களை இங்கிருந்தே எண்ணிவிடலாம் போலிருந்தது. யாரும் எண்ணவில்லை.

கில்பர்ட் நிரப்பி வைத்திருந்த தோட்டாவை எடுத்தான். அமலி அதைத் தள்ளிவிட்டாள்.

"அது எட்டாது. எட்டாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே போட்டுக் காட்ட என்னால முடியாது. மேடம், உங்க விரல வைங்க."

உமையாள் அசையாமல் நின்றாள். "என் விரலை வச்சா உண்மையான எடை தெரியும். ஆனா சோதனைக்கு மட்டும்தான் வைக்கலாம். அப்புறம் இது என் பொறுப்பாயிரும்."

"ஆமா. ஆயிரும்."

கடல் பக்கமிருந்து ஊதல் மறுபடி வந்தது. உமையாள் உள்ளே போய் விரலை வைத்தாள். இயந்திரம் தானாகக் கூடுதல் மருந்தைப் போட மறுத்தது. அமலி மருந்து டின்னைத் திறந்து அலுமினியக் கரண்டியால் அள்ளி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

"இன்னும்," என்றாள் உமையாள். "இன்னும் கொஞ்சம். போதும், முழு அளவு." திரையின் ஓரத்தில் சிவப்பு எழுத்துகள் வந்திருந்தன. அவள் மறைக்கவில்லை. "குழாய் வெடிக்கிறதுக்குப் பத்துக்கு ரெண்டு வாய்ப்புங்குது."

"மைனி, அண்ணன் போனது போதும்," என்றான் கில்பர்ட். "வீட்டுல உங்க மவ ரீமாவ நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுக்கிட்டுத்தான் போடுதேன்."

மணல்மேட்டில் படுத்து, ரொசாரியனின் கன்னம் இருந்த இடத்தில் அவள் கன்னத்தை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. மகளின் பள்ளிக்கூடத் தலைப்பின்னலை இன்று காலையில் சரியாகப் போட்டோமா என்று அந்த நேரத்தில் எதற்கோ யோசனை வந்தது. படகு அலையில் ஏறியது. சுட்டாள்.

தோளில் இடி விழுந்தது போல இருந்தது. கயிறு சீறிக்கொண்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. தொட்டியைத் தாண்டி, படகைத் தாண்டி, மேல்தட்டின் குறுக்கே விழுந்தது. அங்கிருந்து ஒரு சத்தம் எழுந்தது, அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம்.

வடம் போனது. தொட்டில் போனது. முதலில் ஒரு பெண் கைக்குழந்தையை மார்போடு சேலையால் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு இரண்டு பிள்ளைகள் ஒன்றாக. பிறகு கிழவர்கள். உமையாள் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக இறக்கினாள். அவள் செருப்பு எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. கில்பர்ட்டின் உள்ளங்கை உரிந்து உருளையில் ரத்தம் ஒட்டியது. பதினைந்து வயதிருக்கும் ஒரு பெண் வந்து இறங்கியதும் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றாள்.

"இன்னும் எத்தன பேர் தாயி?" என்று கேட்டாள் அமலி.

"எங்க அம்மா, அப்பா, படகுக்காரரு," என்றது பெண். "அவ்வளோதான்."

காலித் தொட்டில் பாதி வழி போயிருக்கும். தொட்டியின் விளிம்பில் இத்தனை நேரமாக அறுபட்டுக்கொண்டிருந்த வடம், பட்டென்று தெறித்தது. அறுந்த முனை கரையை நோக்கிப் பாம்பாக நெளிந்து வந்தது.

அமலி உள்ளே ஓடினாள். உமையாள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு விரலை வைத்தாள். மறுபடி கரண்டி, மறுபடி மணி மணியாக மருந்து. சிவப்பு எண் இப்போது மாறியிருந்தது.

"பாதிக்குப் பாதி," என்றாள் உமையாள். "அக்கா, முதல் வெடியில குழாய் புடைச்சுருக்கு. கைய வச்சாலே தெரியுது. கொஞ்சம் குறைச்சுப் போடலாமா?"

"குறைச்சா எட்டுமா?"

உமையாள் தலையை ஆட்டினாள். எட்டாது.

அமலி தோட்டாவோடு வெளியே வந்தபோது, கில்பர்ட் துப்பாக்கிக்குப் பின்னால் படுத்திருந்தான்.

"எழுந்திரு ல."

"ரீமாவுக்கு நீங்க ஒரு ஆள்தான் இருக்கிய. எனக்கு யார் இருக்கா? தோட்டாவத் தாங்க மைனி, படகு கிளம்புது."

படகு உண்மையாகவே தொட்டியிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது. வாதாட நேரமில்லை. அவள் தோட்டாவைக் கொடுத்தாள். பின்னாளில் அந்த ஒரு நொடியை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூட அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

குழாய் வெடித்தது. கயிறு அலை ஓரம்வரைகூடப் போகவில்லை. புகை கலைந்து, கில்பர்ட்டின் மணிக்கட்டைத் தன் முந்தானையால் இறுக்கிக் கட்டிவிட்டு அமலி தலையைத் தூக்கியபோது, தொட்டியின் மேல் படகு இல்லை. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அடுத்த தொட்டில் வரும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கில்பர்ட் பிழைத்தான். வலது கை போனது.

வாரியத்தின் விசாரணை மாவட்டத் தலைநகரில் நடந்தது. தலைவர் மரியாதையான மனிதர். அமலியை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"அம்மா, இயந்திரம் வெடிக்கும்னு சொல்லுச்சு. வெடிச்சுது," என்றார். "இதைவிடத் துல்லியம் வேற என்ன வேணும்? நீங்க ரெண்டு பேரும் அதை மீறியிருக்கீங்க. இந்தப் பொண்ணு விதியை மீறி விரலை வச்சுருக்கு."

உமையாள் எழுந்தாள். "மீறலைன்னா அத்தனை பேரும் போயிருப்பாங்க சார்."

"அது எனக்கும் தெரியுதும்மா. கட்டளையில குறை இருக்குன்னும் தெரியுது." அவர் அமலி பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

"குழாய மாத்துங்கய்யா," என்றாள் அமலி. "போன தடவையும் அதத்தான் கேட்டேன்."

"நாப்பது நிலையம். எல்லாத்துக்கும் குழாய் மாத்த அடுத்த வருஷத்துக்கு எழுதியிருக்கேன். அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும், படகுல இருக்கவங்களயும் அந்த மிஷினுக்குச் சொல்லி வைங்க. அவங்களும் மனுசங்கதான்னு அதுக்குத் தெரியட்டும்."

அந்த வார்த்தை தலைவரைத் தொட்டுவிட்டது போலிருந்தது. அங்கேயே உத்தரவு சொன்னார். சுடுபவருக்கும் சேதம் கூடாது, படகிலிருப்பவர்களுக்கும் சேதம் கூடாது. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் செய்தியில் அதைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

வேறு நிலையத்தில் சும்மா கிடந்த ஒரு பழைய குழாயைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதிலும் உள்ளே துரு. புதிய கட்டளை இயந்திரத்துக்கு ஏற்றப்பட்ட காலையில், அமலி கூட்டை எடுத்துக்கொண்டு போய் விரலை வைத்தாள். இயந்திரம் வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது. தட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

மறுபடி வைத்தாள். மறுபடி பச்சை. ஒரு மணி மருந்துகூட விழவில்லை. திரையில் முதல்முறையாக உள்ளது உள்ளபடி ஒரு பூச்சியம். கீழே, அளவு சரி என்ற எழுத்து.

தொலைபேசியில் உமையாளைக் கூப்பிட்டாள். "எல்லா நிலையத்துலயும் இப்படித்தான்க்கா. ஒரு தோட்டாவுக்கும் மருந்து விழல."

"பழுதா?"

"இல்ல. குறைச்சுப் போட்டா கயிறு எட்டாது, படகுல இருக்கவங்களுக்குச் சேதம். முழுசாப் போட்டா குழாய் தாங்காது, உங்களுக்குச் சேதம். சுடாம இருந்துட்டா..." அவள் நிறுத்தினாள். "சுடாத தோட்டாவால யாருக்கும் சேதம் இல்லைன்னு கணக்குப் போட்டுருக்கு."

"உங்க விரல் இருந்தா?"

"என்னைத்தான் பணியிலேர்ந்து எடுத்துட்டாங்களே. என் விரலும் இனிமே செல்லாது. தலைவர் அதிர்ந்துபோயிட்டாரு. புதுக் குழாய்க்கு இப்பவே ஆர்டர் போடச் சொல்லிட்டாராம். வர நாலஞ்சு மாசம் ஆகும்ங்கறாங்க."

காற்றுக்காலம் அதற்குள் முடிந்துவிடும். நிரப்பி வைத்தது எட்டாது; அளவு தெரியாமல் கையால் அள்ளிப் போட்டால் துருப்பிடித்த குழாய் மறுபடி வெடிக்கும். அமலி வெளியே வந்து பார்த்தாள். கடல் நுரைக்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் ஒரு படகு, பழக்கப்பட்ட மாடு போல நடுவழியை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. மீட்பு நிலையத்தின் வெள்ளைச் சுவர் அதற்குத் தெரியும். அந்தச் சுவரை நம்பித்தான் வருகிறது.

அவள் மேட்டை விட்டு இறங்கி ஓடினாள். பவுலினாவின் வீட்டு முன் கொடியில் கறுப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. பவுலினா வாசலில் நின்றாள்.

"இந்தச் சேலை எனக்கு வேணும்," என்றாள் அமலி. மூச்சு வாங்கியது. "கம்பத்துல கட்டணும். கறுப்பப் பாத்தா நிலையத்துல கயிறு இல்லன்னு படகுக்காரங்களுக்குத் தெரியும். மருந்து விழல. உன் மவன் போன அன்னைக்கும் மருந்து குறைச்சுத்தான் விழுந்துருக்கு, பவுலினா. எனக்குத் தெரியாது. மிஷின் முழுசுன்னு காட்டுச்சு. என்னையக் காப்பாத்தணும்னு அது அப்படிப் பண்ணிருக்கு."

பவுலினா அவளையே பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அப்போ நான் இனி யாரப் பிடிச்சு அழ?"

பவுலினா கொடியிலிருந்து சேலையை உருவி, அவள் கையில் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நிலையத்துக் கம்பத்தடியில் கில்பர்ட் நின்றான். வாரியத்தைக் கேட்காமல் கறுப்புக் கொடி ஏற்றினால் அமலிக்கு வேலை போய்விடும். அது மூன்று பேருக்கும் தெரியும். அவன் கயிற்றின் நுனியை இடது கையால் கம்பத்தோடு அழுத்திப் பிடித்தான். அமலி முடிச்சுப் போட்டாள். பவுலினா இழுத்தாள். சேலை காற்றில் படபடவென்று விரிந்தது.

வந்துகொண்டிருந்த படகு முதலில் வேகத்தைக் குறைத்தது. கொஞ்ச நேரம் அலையில் நின்று ஆடியது. பிறகு மூக்கை ஆழ்கடல் பக்கம் திருப்பி, நீண்ட வழியாகச் சுற்றிப் போகக் கிளம்பியது. அரை நாள், அதற்கான டீசல். மேல்தட்டில் நின்ற ஆட்கள் கையை நீட்டி நீட்டி, மீட்பு நிலையத்தாரின் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டியது காற்றோடு நன்றாகக் கேட்டது.

அமலி நகரவில்லை. அந்த வசவு தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வடக்கே, அடுத்த படகு வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.